ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து

குதிநாண் வலி வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்: காலையில் படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் முதல் பத்து அடியில். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி புடைத்திருக்கும் இடத்தில் ஒரு விறைப்பு. மாடிப்படி இறங்கினால் பிடித்து இழுக்கும். பல் தேய்த்து முடிப்பதற்குள் விட்டுவிடும். ஐந்து மணிக்கு ஷூ கட்டிக் கிளம்பினால் முதல் கிலோமீட்டர் வலிக்கும், மூன்றாவது கிலோமீட்டரில் வலி இருந்த இடமே தெரியாது. “சூடானா சரியாப் போயிடுது” என்று ஆறு வாரம் ஓட்டிவிடுவார்கள். ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முடித்து வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது காலை ஊன்ற முடியாது.

சூட்டில் வலி மறைவது குணமாகிறது என்பதற்கு அடையாளம் அல்ல. இந்த நோயின் இயல்பே அதுதான். முழங்காலோ எலும்போ ஓடும்போதே வலியைக் கூட்டி எச்சரிக்கும். நாண் அப்படிச் செய்யாது. ஓடும்போது விட்டுவிட்டு மறுநாள் காலையில் கணக்குக் கேட்கும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் பெயர்க் குழப்பம். நம் பக்கம் “குதிகால் நரம்பு இழுத்துடுச்சு” என்றுதான் சொல்வார்கள். அது நரம்பு இல்லை. தசையை எலும்போடு கட்டும் நார்க்கயிறு. வில்லில் கட்டும் நாண் என்ற அதே சொல் இங்கேயும் பொருத்தமாக அமைந்திருக்கிறது, ஏனென்றால் இது வெறும் கட்டுக்கயிறு அல்ல, ஒரு ஸ்பிரிங். பாதம் தரையில் படும்போது நீண்டு, தரையை விடும்போது சுருங்கி, வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் வாங்கிவிடும் ஆற்றலில் சுமார் 35 சதவீதம் குதிநாணில் சேமிக்கப்படுகிறது என்று உடலியக்க ஆய்வாளர் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் 1987-ல் நேச்சர் இதழில் கணக்கிட்டார்கள். பாதத்தின் வளைவு இன்னொரு 17 சதவீதம். சிம்பன்சிக்கு இப்படி நீளமான குதிநாண் கிடையாது. நாம் நெடுந்தூரம் ஓடுகிற பிராணியாக இருப்பதற்கு இந்த ஒரு சாண் கயிறு முக்கியமான காரணங்களில் ஒன்று.

அந்தக் கயிற்றின் மேல் விழும் சுமை ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு அடியிலும் குறைந்தது 360 கிலோ. நிமிடத்துக்கு 165 அடி வைக்கிறவர் என்றால் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு காலும் 82 முறை அந்தச் சுமையைத் தாங்குகிறது. ஒரு நிமிடத்தில். காயத்திலிருந்து திரும்புகிறவரிடம் “முதல் நாள் ஒரு நிமிடம் ஓடுங்கள்” என்றால் முகம் வாடுகிறது, அவமானப்படுத்தியதுபோலப் பார்க்கிறார். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் அந்த ஒரு நிமிடத்துக்கு மரியாதை வருகிறது.

எங்கே வலிக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள்

கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நாணைக் கிள்ளிக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால் அது நடுநாண் வலி. எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் ஒட்டுமுனை வலி. இரண்டுக்கும் வைத்தியம் முக்கால்வாசி ஒன்றுதான். மீதிக் கால்வாசியில் தவறினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒட்டுமுனை வலியில் நாண் இழுபடுவதைவிட எலும்போடு சேர்த்து நசுக்கப்படுவதுதான் தொல்லை. பாதத்தை மேல்நோக்கி மடக்க மடக்க நசுக்கல் கூடும். அதனால் சுவரில் கை ஊன்றி ஆடுசதையை நீட்டும் பழக்கமான ஸ்ட்ரெச்சிங்கை இவர்கள் நிறுத்திவிட வேண்டும். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சியும் கூடாது. தரையிலேயே செய்ய வேண்டும். எந்தப் புத்தகத்திலும் வராத நம் வீட்டு விஷயம் ஒன்று: குந்தி உட்காருவது. இந்தியன் கழிவறை, குந்திக்கொண்டு துணி துவைப்பது, தரையில் குந்திக் காய் நறுக்குவது எல்லாமே கணுக்காலைக் கடைசிவரை மடக்குகின்றன. பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்பவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு வெஸ்டர்ன் கழிவறை. அது இல்லையென்றால் குதிகாலுக்கு அடியில் இரண்டு செ.மீ. உயரத்தில் வழுக்காத ஒரு கட்டை.

அடுத்தது, வீட்டுக்குள் வெறுங்கால். டைல்ஸ் தரையில் தட்டையாக, கெட்டியாக, நாள் முழுக்க. படுக்கைக்குப் பக்கத்திலேயே குதிப் பக்கம் சற்று உயர்ந்த மெத்தென்ற செருப்பை வைத்துக்கொண்டு, இறங்கும்போதே அதில் காலை விடுங்கள். தட்டையான ஹவாய் செருப்பு உதவாது. ஷூவுக்குள் 10 மி.மீ. அளவுக்குக் குதியுயர்த்தி ஒன்றை வைக்கலாம். இரண்டு காலுக்கும் வையுங்கள், ஒன்றுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு கேள்வி கேட்கும். ஆறேழு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். குதியும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் ஷூக்களையும், முன்பாதத்தில் ஓடிப் பழகும் ஆசையையும் இந்தச் சமயத்தில் அலமாரியில் வையுங்கள். அவை முழங்காலின் சுமையைக் குறைத்து அதைக் குதிநாணிடம் கொடுக்கின்றன.

மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மணலில் நடந்தால் காலுக்கு மெத்தென்று நல்லது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. உலர் மணலில் குதி புதைந்து கணுக்கால் கூடுதலாக மடங்குகிறது, தள்ளி எழுப்ப ஆடுசதை கூடுதலாக வேலை செய்கிறது. அலையோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிவு. போகும்போது ஒரு காலுக்கும் திரும்பும்போது மறு காலுக்கும் தண்டனை. குணமாகும்வரை தார்ச்சாலை அல்லது மைதானத்து மண் பாதையே மேல்.

உருவிவிடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடுசதையை எண்ணெய் போட்டு மெதுவாக நீவினால் இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. நாணையே கட்டைவிரலால் அழுத்தி உருவினால் மறுநாள் வீங்கும். அது பிசகியிருக்கும் சுளுக்கு அல்ல, எடுத்துவிடுவதற்கு.

எப்போது இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்

பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல, அல்லது “டப்” என்று சத்தம் கேட்டதுபோல உணர்ந்து, அதன்பிறகு அந்தக் காலின் முன்பாதத்தில் எழும்ப முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி அதிகமில்லையே என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. அறுந்த நாண் சிலருக்குப் பெரிதாக வலிப்பதில்லை. ஆடுசதை முழுவதும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவு.

இரண்டு குதிநாணும் சேர்ந்து வலித்து, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, விடியற்காலை முதுகுவலியும் இருந்தால் அது ஓட்டத்தால் வந்ததாக இல்லாமல் மூட்டழற்சி நோயாக இருக்கலாம். நாணில் கெட்டியான கட்டிகள் தென்பட்டால் கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்றும் யோசியுங்கள். அந்த வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தும் அபாயத்துக்காக 2008-லேயே அமெரிக்க மருந்துத் துறை தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தரப்படும் மாத்திரைகள் இவை. மருத்துவரிடம் “ஓடுகிறேன், குதிநாண் வலி இருக்கிறது” என்று சொன்னால் வேறு மருந்து பார்ப்பார்.

ஊசி பற்றிச் சுருக்கமாக. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும், நாண் அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டும். பி.ஆர்.பி. என்று சொந்த ரத்தத்தைச் சுழற்றிப் போடும் விலை கூடிய ஊசி, 2010-லும் 2021-லும் ஜாமா மருத்துவ இதழில் வெளியான இரண்டு ஆய்வுகளில், ஒப்பீட்டுக்காகப் போட்ட ஊசியைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் நான்கு தடவை போகலாம். ஸ்கேன் படத்தைத் துரத்துவதும் வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் அல்ட்ராசவுண்டில் நாண் தடித்துத் தெரியும். குணமாகி மாரத்தான் ஓடியவர்களுக்கும் பழைய தடிப்பு அப்படியே தெரியும்.

வாசற்படியும் அரிசிப் பையும்

குதிநாண் வலி வீக்கத்தால் வருவது அல்ல, அதனால் ஓய்வால் மட்டும் சரியாவதில்லை. தாங்கும் சக்தியைவிடச் சுமை கூடி, நாரிழைகள் ஒழுங்கு கெட்டுப்போன நிலை. முழு ஓய்வு எடுத்தால் வலி போகும், தாங்கும் சக்தியும் சேர்ந்து போகும். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடி, மறுநாள் காலை மறுபடி நொண்டுகிறவர்களின் கதை இதுதான்.

சுமை ஏற்றித்தான் குணப்படுத்த வேண்டும் என்பதை உலகுக்குச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன். தன் குதிநாண் வலிக்கு அறுவை செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்க, அவர் மறுக்க, அப்படியானால் நாணை இன்னும் கெடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வலிக்க வலிக்கப் பயிற்சி செய்து, கடைசியில் குணமாகிவிட்டார் என்பது விளையாட்டு மருத்துவத்தில் எல்லோரும் சொல்லும் கதை. 1998-ல் அவர் வெளியிட்ட முறை: படியின் விளிம்பில் நின்று வலிக்கும் காலின் குதியை மெதுவாக இறக்குவது, முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலை மாலை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. வேலை செய்கிறது. ஆனால் தினமும் 180 தடவை செய்யும் பொறுமை மூன்றாவது வாரத்திலேயே பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. 2015-ல் டென்மார்க் குழு ஒன்று, வாரம் மூன்று நாள் மட்டும் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் அதே பலன் கிடைப்பதைக் காட்டியது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் ஒத்துவருகிறது.

தொடக்கம் தரையில், இரண்டு காலாலும். மூன்று எண்ணி எழும்பி, மூன்று எண்ணி இறங்கி, 15 தடவை, மூன்று சுற்று. வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்தால் ஒரு வாரத்தில் ஒற்றைக்காலுக்கு மாறலாம். ஒற்றைக்காலில் 15 எளிதாக வந்ததும் வாசற்படிக்கு. ஒட்டுமுனை வலிக்காரர்கள் தரையிலேயே. படியிலும் எளிதானால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பை ஒன்று, பிறகு இரண்டு. எடை கூடக்கூட எண்ணிக்கை குறையும்: முதல் வாரம் 15 தடவைக்குமேல் முடியாத எடை, 2–3-ஆம் வாரங்களில் 12, 4–5-ல் 10, 6 முதல் 8-ஆம் வாரம்வரை 8, கடைசி நான்கு வாரம் 6 தடவைக்குமேல் முடியாத எடை. அந்தக் கட்டத்தில் அரிசிப் பை போதாது. ஜிம்மில் தோளில் கம்பியைத் தாங்கும் ஸ்மித் மெஷின் வேண்டியிருக்கும். முழங்காலை மடக்கிச் செய்யும் பாதியையும் விடாதீர்கள். ஓடும்போது அதிகம் உழைக்கும் ஆழத்துத் தசையான சோலியஸ் அப்போதுதான் வேலை செய்கிறது. உட்கார்ந்து தொடையின் மேல் எடை வைத்துச் செய்தாலும் சரி.

கெட்டுப்போவது எங்கே? வேகத்தில். துள்ளித் துள்ளி முப்பது நொடியில் 15 முடிப்பவர்கள் நாணைப் பழக்குவதில்லை, எரிச்சலூட்டுகிறார்கள். ஒரு தடவைக்கு ஆறு நொடி, 15-க்கு ஒன்றரை நிமிடம். கடிகாரம் பொய் சொல்லாது. இரண்டாவது, கடைசி இரண்டு செ.மீ. எழும்பாமல் விடுவது. களைப்பு வந்ததும் உயரம் குறையும், கணுக்கால் சுண்டுவிரல் பக்கம் சாயும். எடையைக் கட்டைவிரல் அடியில் வைத்திருங்கள். சுவரில் விரல் நுனி மட்டும் படட்டும். கையால் தூக்கினால் ஏமாறுவது நீங்கள்தான்.

ஓடாத நாட்களின் பயம்

திரும்ப வருகிறவரைக் கெடுப்பது பெரும்பாலும் வலி அல்ல, “எல்லாம் போச்சே” என்ற பயம். எவ்வளவு போகிறது? நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை நிறுத்தச் சொல்லி 1984-ல் உடற்பயிற்சி ஆய்வாளர் கோய்லும் குழுவினரும் அளந்தபோது, உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது; 56 நாளில் 16 சதவீதம் குறைந்து அங்கேயே நின்றது. அதுவும் ஒன்றுமே செய்யாதவர்களுக்கு. சைக்கிளோ நீச்சல் குளமோ இருந்தால் இவ்வளவு போகாது.

சைக்கிளில் பெடலைப் பாதத்தின் நடுவில் வைத்து மிதியுங்கள், நுனியில் வேண்டாம். சீட் உயரமாக இருந்தால் கால் எட்டாமல் விரல் நுனி நீட்டப்படும், அதையும் இறக்கிவையுங்கள். நீந்துகிறவர்கள் சுவரை உதைத்துத் திரும்பும்போது நல்ல காலைப் பயன்படுத்தலாம். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழத் தண்ணீரில் ஓடுவது ஓட்டத்துக்கு மிக நெருங்கிய மாற்று. தண்ணீரில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 குறைவாகவே காட்டும், அதைப் பார்த்து ஏமாந்து ஓவராகச் செய்யாதீர்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. வெப்பத்துக்குப் பழகிய உடல் இரண்டு மூன்று வாரம் வெயிலில் உழைக்காமல் இருந்தால் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். திரும்பி வந்த முதல் வாரம் மெதுவாக ஓடும்போதே இதயம் 165-ல் அடித்தால் “நான் அவுட்” என்று முடிவு கட்டாதீர்கள். பாதி அது புழுக்கம். பத்து நாளில் இறங்கும்.

நோட்டில் ஒரே ஒரு எண்

வலியைக் கண்காணித்துக்கொண்டே ஓட்டத்தைத் தொடரலாம் என்பதை 2007-ல் பிசியோதெரபி ஆய்வாளர் கரின் சில்பர்நாகலின் குழு காட்டியது. பத்துக்கு ஐந்துவரை வலி அனுமதி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அவர்களின் விதி. ஓடுகிறவர்களிடம் ஐந்து என்று சொன்னால் ஏழில் நிற்பார்கள். அதனால் மூன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

அதைவிட நம்பகமான எண் மறுநாள் காலையில் கிடைக்கிறது. இறங்கிய முதல் பத்து அடியின் வலிக்கு 0 முதல் 10-க்குள் ஓர் எண். அதை மட்டும் தினம் எழுதுங்கள். ஓடிய மறுநாள் எண் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அடுத்த தடவை முந்தைய வாரத்தின் அளவு. ஏறாவிட்டால் அதே இடம். வாரம் முழுக்க ஏறாவிட்டால் அடுத்த படி. ஏறிய நாளில் எல்லாவற்றையும் நிறுத்திப் படுத்துவிடுவதும் தவறு, “ஒரு நாள்தானே” என்று அதே அளவு ஓடுவதும் தவறு. வலி மாத்திரை போட்டு ஓடினால் இந்த எண்ணே பொய்யாகிவிடும். வியர்வையில் நீர் வற்றிய உடலில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

ஓடத் தொடங்கத் தகுதி: அரை மணி வேக நடையில் வலி இரண்டுக்குள், ஒற்றைக்காலில் 20 முதல் 25 தடவை, நல்ல காலுக்குச் சமமாக, குதி எழும்ப வேண்டும், ஒற்றைக்காலில் 20 தடவை துள்ளினால் வலி மூன்றைத் தாண்டக் கூடாது. துள்ளலில் தவறினால் இரண்டு வாரம் ஸ்கிப்பிங், முதலில் இரண்டு காலாலும், 20 துள்ளல் மூன்று சுற்று.

பிறகு நடை-ஓட்டம். பத்து நிமிட நடைக்குப் பின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு தடவை. இரண்டாம் வாரம் 2 ஓட்டம் 2 நடை, ஆறு தடவை. மூன்றில் 3-க்கு 2, ஐந்து தடவை. நான்கில் 4-க்கு 1, ஐந்து. ஐந்தில் 6-க்கு 1, நான்கு. ஆறில் 9-க்கு 1, மூன்று. ஏழில் 14-க்கு 1, இரண்டு. எட்டாம் வாரம் 30 நிமிடம் நிற்காமல். வாரத்துக்கு மூன்று நாள்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. எடைப் பயிற்சியும் அதே நாட்களின் மாலையில். அடுத்தடுத்த நாள் ஓடாததற்குக் காரணம் உண்டு. கனமான உழைப்புக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் அளவுக்கு நாணில் கட்டுமானத்தைவிடச் சிதைவு முந்துகிறது, அதன் பிறகே கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. அதற்குள் மறுபடி ஓடினால் நஷ்டத்தின் மேல் நஷ்டம்.

இந்த எட்டு வாரத்தை மருந்து குடிப்பதுபோல முகம் சுளித்துக் கடக்கலாம். அப்படிக் கடப்பவர்களில் பலர் ஐந்தாவது வாரம் “நல்லாத்தான் இருக்கு” என்று பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு முதல் வாரத்துக்குத் திரும்புகிறார்கள். நன்றாகத் திரும்பியவர்களைக் கவனித்தால், அவர்கள் அந்த ஒரு நிமிடத்தையே முழு ஓட்டமாக எடுத்துக்கொண்டவர்களாக இருக்கிறார்கள். இது மனப்பக்குவம் என்று பெரிதாகப் பேச வேண்டியதில்லை. சில ஏற்பாடுகள் போதும்.

முதல் நான்கு வாரம் கடிகாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் மறைத்துவிடுங்கள், இடைவேளை மணி மட்டும் அடிக்கட்டும். வேகம் கண்ணில் பட்டால் பழைய வேகம் நினைவுக்கு வரும், குதிநாண் அதற்கு விலை கொடுக்கும். ஓட்டங்களைப் பகிரும் ஸ்ட்ராவா செயலியில் அவற்றை உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். பாட்டு வேண்டாம், ஏனென்றால் காதுக்கு வேலை இருக்கிறது: இரண்டு பாதமும் தரையில் விழும் சத்தம் ஒன்றாக இருக்கிறதா? ஒன்று ‘தப்’ என்றும் மற்றது ‘தொப்’ என்றும் கேட்டால் உங்களுக்குத் தெரியாமலேயே நொண்டுகிறீர்கள். அந்த நிமிடம் முடிந்ததும் நடைக்கு மாறுங்கள். அடியைக் கொஞ்சம் குட்டையாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் பெரும்பாலும் சத்தம் சமமாகும். பல வருடம் ஓடியும் தன் காலடிச் சத்தத்தை ஒருநாள்கூடக் கேட்டிராதவர்கள் இந்த எட்டு வாரத்தில் கேட்கத் தொடங்குகிறார்கள். முன்பு மூச்சிரைக்கக் கடந்துபோன தெருவில் எந்த வீட்டு வாசலில் எப்போது கோலம் விழுகிறது, அடையாற்றுப் பாலத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிட நடையில்தான் கண்ணில் படுகின்றன.

பழைய குழுவோடு ஓடப் போகாதீர்கள். அவர்கள் மெதுவாக ஓடுகிறோம் என்பார்கள், யாரும் மெதுவாக ஓட மாட்டார்கள். புதிதாக ஓட வருகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், அவர்களும் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம்தான் நடக்கிறார்கள். உங்கள் அனுபவம் அவர்களுக்கு உதவும், அவர்கள் வேகம் உங்களுக்கு உதவும். ஞாயிறு லாங் ரன்னின் கூட்டம் வேண்டுமென்றால் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நில்லுங்கள். இருபது கிலோமீட்டரில் வருகிறவர்களின் முகத்தை எதிரிலிருந்து பார்ப்பது தனி அனுபவம். ஓடும்போது முதுகைத்தான் பார்த்திருப்போம்.

பெரும்பாலும் சறுக்கும் இடங்கள்

கோயில். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில். “நடைதானே” என்று பௌர்ணமிக்குப் போய் வந்து, மறுநாள் காலை எண் இரண்டிலிருந்து ஆறுக்கு ஏறியவர்கள் உண்டு. பழனிப் பாதயாத்திரையும் அப்படியே. வேண்டுதலைத் தள்ளிவைக்க முடியாதென்றால் அந்த வாரத்து ஓட்டத்தை எடுத்துவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து வேண்டாம்.

ஜனவரி மாரத்தான். டிசம்பரில்தான் 30 நிமிடம் தொட்டிருப்பார், பணம் கட்டியாயிற்று என்பதற்காக 21 கிலோமீட்டருக்குப் போவார். 2025-ல் 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்குமேல் தாண்டினால் காயம் கூடுவதாகக் கண்டது. வாரக் கணக்கு ஒழுங்காக இருந்தாலும் ஒரு நாள் தாண்டல் கெடுத்துவிடும். ஐந்திலிருந்து இருபத்தொன்றுக்குத் தாவுவதை எந்த நாணும் மன்னிக்காது.

வேகம். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு நாட்களை, அதன்பிறகு பாலம் ஏறுவதை. வேக ஓட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில். மூச்சு வாங்குவது பழகிவிட்டதால் கால் தயார் என்று நினைப்பது இயல்பு. இதயமும் நுரையீரலும் வாரங்களில் திரும்பும், நாணுக்கு மாதங்கள் ஆகும். முதல் வேக ஓட்டம் 20 நொடி, ஆறு தடவை, இடையில் ஒன்றரை நிமிட நடை. முழு வேகத்தில் எண்பது சதவீதம் போதும். அதற்குப் பிறகும் எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள், ஓடுகிற காலம்வரை.

எட்டாம் வாரத்து ஞாயிறு 30 நிமிடம் நிற்காமல் ஓடி முடித்தால் அன்றைக்கு யாருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை செருப்பில் காலை விட்டுப் பத்து அடி நடந்து, நோட்டில் அந்த எண்ணை எழுதிய பிறகு சொல்லலாம்.